சோனிக் டிரைவ்-இன்: இறங்கவும் வேணாம், கிளம்ப அவசரமும் வேணாம்

அமெரிக்கால டெக்சஸ் மாநிலத்துல டல்லாஸ் பக்கம் இருக்கற நம்மாளுங்க நிறையப் பேர்கிட்ட கேட்டுப் பாத்துட்டேன், சோனிக்ங்கற டிரைவ்-இன் கடையோட போர்டு தினமும் கண்ணுல படுது ஆனா உள்ள வண்டிய திருப்புனதே இல்லங்கறாங்க. ஒருத்தங்க "அது பர்கர் கடைதானே, நமக்கு அங்க என்ன இருக்கு"ன்னாங்க, இன்னொருத்தங்க "டிரைவ்-இன், டிரைவ்-த்ரூ எல்லாம் ஒண்ணுதானே, வழியில எது வருதோ அதுல வாங்கிக்கலாம்"னாங்க. டிரைவ்-இன்னா வண்டிய நிறுத்தி அதுலயே உக்காந்து சாப்பிடறது, டிரைவ்-த்ரூன்னா ஜன்னல்ல வாங்கிக்கிட்டு அப்படியே ஓட்டிட்டுப் போயிடறது. அவங்க சொன்ன ரெண்டையும் என்னால ஒத்துக்க முடியல, அதனால கொஞ்சம் விலாவாரியாவே எழுதிடறேன். ஊர்லேர்ந்து வயசான அம்மா அப்பா வந்திருக்கறவங்க, கைக்குழந்தை வச்சிருக்கறவங்க, வேலை முடிஞ்சு மண்டை காஞ்சு போய் வீட்டுக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் யார் தொந்தரவும் இல்லாம உக்காந்திருக்கணும்னு நினைக்கறவங்க, இவங்களுக்கெல்லாம் இந்த ஊர்ல இதை விடத் தோதான இடம் எனக்குத் தெரிஞ்சு இல்ல.

முதல்ல கடை எப்படி இருக்கும்னு சொல்லிடறேன். நடுவுல சின்னதா ஒரு கிச்சன் கட்டடம், பக்கத்துல கூரை போட்ட நீளமான ஷெட்டு, அதுக்குக் கீழ சாய்வா கோடு போட்டு வண்டி நிறுத்தற இடம், அதை ஸ்டால்னு சொல்றாங்க. டிரைவர் சீட்லேர்ந்து கைக்கு எட்டற மாதிரி ஒரு மெனு போர்டு, அதுல ஒரு ஸ்பீக்கர், ஒரு சிவப்பு பட்டன், கார்டு போடற மெஷின். வண்டிய நிறுத்தி, ஜன்னல இறக்கி, மெனுவ ஆற அமரப் படிச்சு, பின்சீட்டு பசங்க சண்டை போட்டு ஒரு முடிவுக்கு வந்தப்புறம் பட்டன அழுத்தினா போதும். பின்னாடி வரிசைல யாரும் நிக்கல, ஹாரன் அடிக்க ஆளில்ல, "சீக்கிரம் சொல்லுங்க"ன்னு அவசரப்படுத்தறவங்களும் இல்ல. ஆர்டர் சொல்லிக் கொஞ்ச நேரத்துல காலேஜ் படிக்கற வயசுல ஒரு பொண்ணோ பையனோ எடுத்துட்டு வந்து ஜன்னல்ல குடுக்கறாங்க, இவங்களத்தான் கார்ஹாப்னு சொல்றது. சில கடைல ரோலர் ஸ்கேட் மாட்டிக்கிட்டு வர்றாங்க, ட்ரே நிறைய பெரிய பெரிய கிளாஸ வச்சுக்கிட்டு ரெண்டு வண்டிக்கு நடுவுல வளைஞ்சு வந்து ஒரு சொட்டு சிந்தாம நிக்கறத பாக்கணும், எங்க சின்னப் பொண்ணு அதுக்காகவே "அந்தக் கடைக்குப் போலாம்மா"ன்னு நச்சரிப்பா. எல்லாக் கடைலயும் ஸ்கேட் கிடையாது, பசங்ககிட்ட முன்னாடியே சொல்லிக் கூட்டிட்டுப் போகாதீங்க, ஏமாந்துடுவாங்க.

எனக்கு ரொம்பப் பிடிச்சது அதுக்கப்புறம்தான். சாப்பாடு கைக்கு வந்தாச்சு, காசு குடுத்தாச்சு, ஆனா யாரும் உங்கள கிளம்புன்னு சொல்லமாட்டாங்க. ஏசிய போட்டுக்கிட்டோ கண்ணாடிய இறக்கி விட்டுக்கிட்டோ அங்கேயே உக்காந்து சாப்பிடலாம், இளையராஜாவ போட்டுக்கலாம், ஊருக்கு வீடியோ கால் பேசலாம், இன்னொண்ணு வேணும்னா திரும்ப பட்டன். பக்கத்து ஸ்டால்ல ஒரு தாத்தா தனியா உக்காந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கிட்டு பேப்பர் படிப்பாரு, அந்தப் பக்கம் ஹைஸ்கூல் பசங்க ரெண்டு வண்டிய ஒட்டி நிறுத்தி ஜன்னல் வழியா கதை பேசிட்டிருப்பாங்க. அவங்கவங்க இடத்துல அவங்கவங்க இருக்காங்க, ஆனா எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழ.

எங்க அம்மாவுக்கு ரெண்டு முழங்காலும் தேய்மானம். இங்க வந்தப்ப அவங்கள எங்கயாவது வெளில கூட்டிட்டுப் போறதுன்னாலே பெரிய ஏற்பாடு, எங்களோடது உயரமான வண்டி வேற, ஏறி இறங்க ஸ்டூல் வேணும். ரெஸ்டாரன்ட் போனா பார்க்கிங்லேர்ந்து வாசல் வரைக்கும் நடை, உள்ள போனா காத்திருக்கணும், அந்த பூத் மாதிரி சீட்டுல உள்ள நுழையறதுக்குள்ள அவங்களுக்கு முகமெல்லாம் சுருங்கிடும், வாய் விட்டு மட்டும் சொல்ல மாட்டாங்க. சோனிக்குக்கு முதல்ல கூட்டிட்டுப் போனப்ப சீட் பெல்ட்ட கழட்டிட்டு கதவத் திறக்கப் பாத்தாங்க. "எறங்க வேணாம்மா, உக்காருங்க, இங்கேயே வரும்"னேன். "இங்கேயே வருமா, யாரு கொண்டு வருவா"ன்னு கேட்டு முடிக்கறதுக்குள்ள அந்தப் பொண்ணு வந்துட்டா, நான் சொல்லி வச்சிருந்தேன்னு சுத்திக்கிட்டு அம்மா பக்கத்து ஜன்னலுக்கே போய் குனிஞ்சு "ஹியர் யூ கோ, மேம்"னு சிரிச்சுக்கிட்டே குடுத்தா. அம்மா தமிழ்லயே "நல்லா இரும்மா"ன்னாங்க. அன்னைலேர்ந்து வெளில போலாமான்னு கேட்டா "அந்த ஜன்னல்ல குடுக்கற கடைக்கா"ன்னு அவங்களே கேக்க ஆரம்பிச்சாங்க. அவங்க இங்க இருந்த வரைக்கும் வெளில போன பாதி சாயங்காலம் அங்கதான்.

இந்த மாதிரி கடை பொறந்ததே இந்த டல்லாஸ்லதான்னு இங்க இருக்கற நம்மாளுங்களுக்கே தெரியல, அதுல எனக்கு கொஞ்சம் வருத்தம். 1921-ல ஜெஸ்ஸி கிர்பின்னு ஒருத்தர், புகையிலை மிட்டாய் மொத்த வியாபாரம் பண்ணினவர், ஒரு டாக்டரோட கூட்டு சேந்து டல்லாஸ்லேர்ந்து ஃபோர்ட் வொர்த் போற ரோட்டுல பிக் ஸ்டாண்டுன்னு ஒரு கடை போட்டாரு, பன்றிக்கறி சாண்ட்விச்தான் விசேஷம். கார் வச்சிருக்கறவங்க சாப்பிடக்கூட இறங்க மாட்டாங்க, அவ்வளவு சோம்பேறிங்கன்னு அவர் சொன்னதா ஒரு பேச்சு உண்டு. வண்டி வந்து நிக்கறதுக்குள்ள பசங்க ஓடிப் போய் கார் பக்கவாட்டுல இருக்கற படிமேல தொத்திக்கிட்டு ஆர்டர் எடுப்பாங்களாம், கார்ஹாப்ங்கற ஆளுங்க அப்படித்தான் வந்தாங்க. அந்தக் கம்பெனி டெக்சஸ் முழுக்க பரவி, கலிஃபோர்னியா வரைக்கும் போய், கடைசில 2006-ல திவாலாச்சு, சான் அன்டோனியோல ஒரு கடை மட்டும் தப்பிச்சுது.

சோனிக் அதுக்கு ரொம்பப் பின்னாடி. பக்கத்து மாநிலம் ஓக்லஹோமால ஷானின்னு ஒரு சின்ன ஊர், அங்க 1953-ல ட்ராய் ஸ்மித்ங்கறவர் டாப் ஹேட்னு ஒரு ரூட் பியர் ஸ்டாண்ட நடத்திட்டிருந்தாரு, ரூட் பியர்ங்கறது சரக்கு இல்ல, ஒரு வகை சோடா. லூசியானா பக்கம் போனப்ப ஒரு கடைல கைல செஞ்ச ஸ்பீக்கர் வச்சு கார்லேர்ந்தே ஆர்டர் எடுக்கறதப் பாத்துட்டு வந்து தன் கடைலயும் அதை மாட்டினாரு. அதுக்கு முன்னாடி கார்ஹாப் ஒவ்வொரு வண்டிக்கும் ரெண்டு நடை நடக்கணும், ஆர்டர் கேக்க ஒண்ணு, குடுக்க ஒண்ணு. ஸ்பீக்கர் வந்ததும் ஒரு நடை மிச்சம், வேகமும் கூடிச்சு, சாப்பிடறவன விரட்டவும் இல்ல. இந்த ஒரு விஷயத்துக்காகவே அந்த மனுஷன் மேல எனக்கு பெரிய மரியாதை உண்டு. வேகத்த அவர் கிச்சனுக்கும் ஸ்டாலுக்கும் நடுவுல மட்டும் வச்சாரு, கஸ்டமர் மேல ஏத்தல. 'ஒலி வேகத்துல சர்வீஸ்'னு விளம்பரம் பண்ணினாங்க, டாப் ஹேட்ங்கற பேர வேற ஒருத்தர் ஏற்கனவே பதிவு பண்ணி வச்சிருந்ததால 1959-ல அந்த விளம்பரத்துலேர்ந்தே சோனிக்னு பேர் மாத்திக்கிட்டாங்க. இப்போ இன்ஸ்பயர் பிராண்ட்ஸ்னு ஒரு பெரிய கம்பெனி கைல இருக்கு, 2018-ல வாங்கினாங்க, அமெரிக்கா முழுக்க மூவாயிரத்துக்கும் மேல கடைங்க.

மத்த டிரைவ்-இன் கடையெல்லாம் எங்க போச்சுன்னு கேட்டா அதுக்கு 1948-க்கு போகணும். கலிஃபோர்னியால சான் பெர்னார்டினோன்னு ஊர், அங்க மெக்டொனால்ட் அண்ணன் தம்பி ரெண்டு பேர் 1940-லேர்ந்து டிரைவ்-இன் வச்சு நல்லா ஓடிட்டிருந்துது, இருபது கார்ஹாப் வேலை பாத்தாங்க. ஆனா வயசுப் பசங்க வந்து மணிக்கணக்கா வண்டிய நிறுத்திட்டு அந்தப் பொண்ணுங்ககிட்ட பேசிக்கிட்டே நிக்கறாங்க, தட்டு ஸ்பூனெல்லாம் காணாமப் போகுது, குடும்பத்தோட வர்றவங்க தயங்கறாங்கன்னு 1948-ல கடைய மூணு மாசம் மூடி, கார்ஹாப் எல்லாரையும் வேலைய விட்டு அனுப்பிட்டு, மெனுவ ஒம்போது அயிட்டமா சுருக்கி, 15 சென்ட்டுக்கு ஹாம்பர்கர், வந்து ஜன்னல்ல நின்னு வாங்கிட்டுப் போன்னு திறந்தாங்க. மீதிக் கதை உலகத்துக்கே தெரியும். அதே 1948-ல, அங்கேருந்து வண்டியில ஒரு மணி நேரத் தூரத்துல பால்ட்வின் பார்க்குல ஹாரி ஸ்னைடர், எஸ்தர் ஸ்னைடர்னு புருஷன் பொண்டாட்டி இன்-அண்ட்-அவுட்டுன்னு ஒரு குட்டிக் கடைய திறந்தாங்க, உக்கார இடமே கிடையாது, ஸ்பீக்கர்ல சொல்லு, ஜன்னல்ல வாங்கு, போயிட்டே இரு. ஒரே வருஷத்துல ரெண்டு பக்கமும் அடி விழுந்துது. ஒருத்தர் கார்ஹாப்ப எடுத்தாங்க, இன்னொருத்தர் நிறுத்தற இடத்தையே எடுத்துட்டாங்க.

மெக்டொனால்ட்ஸ் டிரைவ்-த்ரூவுக்கு வந்தது ரொம்ப லேட்டு, 1975-ல அரிசோனால சியரா விஸ்டாங்கற ஊர்ல. பக்கத்துல ராணுவ முகாம், யூனிஃபார்ம்ல இருக்கற சிப்பாய்ங்க முகாமுக்கு வெளில வண்டிய விட்டு இறங்கக் கூடாதுன்னு சட்டம், அவங்களுக்கு சாப்பாடு விக்கணும்னா சுவத்துல ஒரு ஓட்டை போடணும், போட்டாங்க. இறங்க முடியாத ஒருத்தனுக்கு சாப்பாடு போய்ச் சேரணுங்கற நல்ல காரணத்துக்குத்தான் ஆரம்பிச்சது. ஆனா இப்போ அவங்க அமெரிக்க வியாபாரத்துல கிட்டத்தட்ட எழுபது சதவீதம் அந்த ஜன்னல் வழியாத்தான் நடக்குது, கிச்சன்ல ஒவ்வொரு வண்டிக்கும் டைமர் ஓடுது, எந்தக் கம்பெனி எத்தனை செகண்ட்ல அனுப்புதுன்னு வருஷா வருஷம் கணக்கெடுத்துப் போடறாங்க. அந்த டைமருக்கு பயந்துதான் ஆர்டர் ரெடியாகலன்னா "கொஞ்சம் முன்னாடி போய் நில்லுங்க, கொண்டு வர்றோம்"னு ஓரங்கட்டறது. கடைப் பேரு வேணாம், ஒரு டிரைவ்-த்ரூல எங்கள அப்படி ஓரங்கட்டி, பின்சீட்ல குழந்தை கத்திக் கத்தி தூங்கியே போயி, அப்புறம் பைய குடுத்தாங்க. ஹைவே ஏறி பிரிச்சுப் பாத்தா வெஜ்ஜுன்னு ரெண்டு தடவ சொல்லி, ஸ்க்ரீன்லயும் சரியா வந்தத பாத்துட்டு வந்தும், உள்ள சிக்கன். அடுத்த எக்ஸிட் எடுத்து திரும்பப் போய் அதே வரிசைல நிக்கணும், இல்லன்னா பட்டினி. மரக்கறி மட்டும் சாப்பிடறவங்களுக்கு டிரைவ்-த்ரூல இருக்கற பெரிய கஷ்டமே இதுதான், சரிபாக்க நேரம் குடுக்கமாட்டாங்க, பின்னாடி வண்டி முட்டிக்கிட்டு நிக்கும். ஸ்டால்ல நிக்கறப்ப பைய பிரிச்சு, பாத்து, தப்பா இருந்தா பட்டன அழுத்தி "இது இல்லங்க"ன்னு சொல்லலாம், மாத்திக் குடுக்கறவங்க நடந்து வருவாங்க.

டிரைவ்-த்ரூவே வேணாம்னு நான் சொல்ல வரல, எல்லா ஊர்லயும் அது ஒரே மாதிரியும் இல்ல. கனடால ஸ்கார்பரோல எங்க அத்தை பொண்ணு இருக்கா, அங்க ஜனவரி காலைல மைனஸ்ல போகும்போது டிம் ஹார்ட்டன்ஸ் டிரைவ்-த்ரூ வரிசை ரோடு வரைக்கும் நிக்கும், கண்ணாடிய அரை நிமிஷம் இறக்கினாலே காதெல்லாம் விறைக்குது, அந்தக் குளிர்ல கைக்குழந்தைய தூக்கிட்டு இறங்கி காபி வாங்குன்னு யாரும் யாரையும் சொல்ல முடியாது. ரெண்டு கிரீம் ரெண்டு சர்க்கரைக்கு 'டபுள் டபுள்'னா போதும், பேச்சே அதோட முடிஞ்சுது. ஆஸ்திரேலியால பாட்டில் ஷாப்புக்குள்ளயே கார ஓட்டிக்கிட்டுப் போய் டிக்கில பீர் ஏத்திக்கிட்டு அந்தப் பக்கம் வெளில வர்றாங்க. லூசியானால டிரைவ்-த்ரூல டாக்கிரின்னு ஐஸ் போட்ட சரக்கே கிளாஸ்ல ஊத்திக் குடுக்கறாங்க, மூடி மேல டேப் ஒட்டியிருக்கும், ஸ்ட்ராவ தனியாத்தான் குடுப்பாங்க, ஸ்ட்ரா சொருகாத வரைக்கும் அது திறக்காத பாத்திரம்னு அங்க சட்டம் சொல்லுது. கார் ஓட்டறவன் கைல சாராயத்த குடுத்துட்டு டேப்ப நம்பறது எனக்கு சரியாவே படல, அதை வெளிப்படையாவே சொல்லிடறேன். மலேசியால மெக்டொனால்ட்ஸ் போனா போர்டுல 'பாண்டு லாலு'ன்னு போட்டிருக்கும், அதான் டிரைவ்-த்ரூ. லாஸ் வேகாஸ்ல 1991-லேர்ந்து கார்ல உக்காந்தபடியே கல்யாணம் பண்ணி வைக்கற ஜன்னல் இருக்கு, இங்க டெக்சஸ்ல பேங்க்ல செக்க ஒரு பிளாஸ்டிக் உருளைல போட்டு பட்டன அழுத்தினா காத்து உறிஞ்சி குழாய் வழியா உள்ள போகுது, திரும்பி வரும்போது பசங்களுக்கு லாலிபாப் சேத்து அனுப்புவாங்க. மருந்துக் கடை ஜன்னல் எனக்கு உண்மையாவே பிடிக்கும், காய்ச்சல்ல இருக்கற குழந்தைய கடைக்குள்ள இழுத்துட்டு அலைய வேண்டியதில்ல. மினியாபோலிஸ் நகரத்துல இனிமே புது டிரைவ்-த்ரூவே கட்டக்கூடாதுன்னு 2019-ல சட்டம் போட்டாங்க, நடந்து போறவங்களுக்கு ஆபத்து, இன்ஜின் ஓடிக்கிட்டே நிக்கற புகை வேறன்னு. அதுல நியாயம் இருக்கு, எங்க ஏரியால ஸ்கூல் பக்கத்துல ஒரு டிரைவ்-த்ரூ வரிசை நடைபாதைய மறிச்சுக்கிட்டு நிக்கறத தினமும் பாக்கறேன்.

ஆனா டிரைவ்-இன் சுகத்த அமெரிக்காவ விட நல்லா வச்சிருக்கறது வளைகுடான்னுதான் சொல்லுவேன். ஷார்ஜால சித்தப்பா பையன் இருக்கான், ராத்திரி சாப்பாட்டுக்கப்புறம் "வாக்கா, கரக் அடிச்சுட்டு வரலாம்"னு கூட்டிட்டுப் போனான். ரோட்டோரம் ஒரு சின்ன கஃபெடீரியா, பெரும்பாலும் நம்ம மலையாளிங்கதான் நடத்தறாங்க, வாசல்ல வண்டிய நிறுத்தி லேசா ஒரு ஹாரன், உள்ளேருந்து ஒரு தம்பி ஓடி வர்றான், விரல காட்டினா அத்தனை கரக் டீ, ஏலக்காய் மணக்க டின் பால்ல காய்ச்சினது, பேப்பர் கப்புல, கூடவே சுடச்சுட பரோட்டால முட்டையோ சீஸோ வச்சு சுருட்டினது. ஸ்பீக்கர் இல்ல, ஸ்டால் இல்ல, கூரை இல்ல. பக்கத்துல பெரிய லேண்ட் க்ரூஸர்ல ஒரு அரபிக் குடும்பம், அந்தப் பக்கம் பழைய கொரோலால நாலு தமிழ்ப் பசங்க, எல்லாருக்கும் அதே டீ, அதே தம்பி. வெயில் அந்த ஊர்ல கொளுத்தறதால வண்டிய விட்டு இறங்காத பழக்கம் வந்திருக்கும்னு நினைக்கறேன், ஆனா ராத்திரி பதினோரு மணிக்கும் அப்படித்தான் உக்காந்திருக்காங்க, அப்போ அது வெயிலுக்காக மட்டும் இல்ல. அந்தத் தம்பிங்க நாள் முழுக்க அந்த சூட்டுல ஓடறாங்க, தயவு செஞ்சு சில்லறைய திருப்பி வாங்காதீங்க.

நம்ம சென்னைல கதீட்ரல் ரோட்டுல உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் இருந்தது, 1962-ல கிருஷ்ணா ராவ் ஆரம்பிச்சது. லீவுக்கு மெட்ராஸ் போனா பெரியப்பா பத்மினி கார்ல எங்க எல்லாரையும் அடைச்சு கூட்டிட்டுப் போவாரு, பெரிய பெரிய மரத்தடில நிழலா பாத்து நிறுத்தினா சர்வர் வந்து ட்ரேய ஜன்னல் கண்ணாடில மாட்டுவாரு, பூரி வந்ததும் கார் முழுக்க அந்த வாசனை. கார் இல்லாதவங்களுக்கு உள்ள ஹால், அங்க மெடிக்கல் ரெப்புங்க, காலேஜ் பசங்க, சினிமாக்காரங்கன்னு ஒரே காபிய வச்சுக்கிட்டு எவ்வளவு நேரம் வேணா உக்காந்திருப்பாங்க, யாரும் எழுப்ப மாட்டாங்க. குத்தகை நிலம், அரசாங்கம் திருப்பி எடுத்துக்கிச்சு, 2008-ல மூடிட்டாங்க, இப்போ அந்த இடத்துலதான் செம்மொழிப் பூங்கா. பூங்கா நல்லாத்தான் இருக்கு, மரமெல்லாம் இருக்கு, ஆனா உட்லண்ட்ஸ் போனது எனக்கு இன்னும் ஆறல. அமெரிக்கால டிரைவ்-த்ரூ வந்து பெரும்பாலான டிரைவ்-இன் செத்துது. நம்மூர்ல கடைசி நாள் வரைக்கும் கூட்டம் இருந்த ஒண்ண இழந்துட்டு நிக்கறோம்.

சரி, சாப்பாட்டுக்கு வர்றேன். பர்கருக்காக சோனிக் போங்கன்னு நான் சொல்லமாட்டேன், அதுக்கு இந்த ஊர்ல நிறைய கடை இருக்கு. இங்க ராஜா ட்ரிங்க்ஸ்தான். செர்ரி லைமேட் கண்டிப்பா குடிங்க, ஸ்ப்ரைட்ல செர்ரி சிரப் ஊத்தி எலுமிச்சைத் துண்டப் பிழிஞ்சு போட்டிருக்கும், நம்ம ஊரு பன்னீர் சோடா குடிச்சு வளந்தவங்களுக்கு முதல் உறிஞ்சலேயே பிடிச்சிடும். தித்திப்பு ஜாஸ்தி, சக்கரை இருக்கறவங்க சின்ன சைஸ் வாங்கி பங்கு போட்டுக்கோங்க, இல்ல வெறும் சோடால எலுமிச்சை மட்டும் போட்டுக் குடுங்கன்னு கேட்டாலும் குடுக்கறாங்க, நாங்க அம்மாவுக்கு அப்படித்தான் வாங்குவோம். ஓஷன் வாட்டர்னு நீலக்கலர்ல ஒண்ணு, தேங்காய் வாசனையோட இருக்கும், பசங்களுக்கு உயிர், எனக்கு ரெண்டு வாய்க்கு மேல இறங்காது.

அந்த ஐஸ் பத்தி தனியா சொல்லியே ஆகணும். கட்டி கட்டியா பல்ல உடைக்கற ஐஸ் இல்ல, பொட்டுக்கடலைய விட கொஞ்சம் பெருசா, உள்ள காத்தோட்டமா, கடிச்சா நறுக்குன்னு பொடியற ஐஸ். ட்ரிங்க் தீந்தப்புறமும் அந்த செர்ரி ருசி ஐஸுக்குள்ள இறங்கியிருக்கும், அடில இருக்கறத ஸ்ட்ராவால நோண்டித் தின்னுக்கிட்டே வீட்டுக்கு வரலாம். இந்த ஐஸுக்குன்னு அமெரிக்கால ரசிகர் கூட்டமே இருக்கு, கடைலயே பத்து பவுண்டு மூட்டையா ஐஸ மட்டும் தனியா விக்கறாங்க. வீட்டுல பர்த்டே பார்ட்டி, கொலு, எதுவா இருந்தாலும் நாங்க அங்கதான் ஐஸ் வாங்கறது, ரோஸ்மில்க்குக்கும் ஜிகர்தண்டாவுக்கும் இந்த ஐஸ் போட்டுப் பாருங்க.

சாப்பிட டாட்ஸ், உருளைக்கிழங்க துருவி சின்னச் சின்ன உருளையா பொரிச்சது, மேல மொறுமொறு உள்ள பஞ்சு. ஆனியன் ரிங்ஸ் மாவுல லேசா ஒரு தித்திப்பு இருக்கும், சிலருக்கு அது பிடிக்காது, எனக்கு அதுதான் பிடிக்கும், கூட ஒரு ஹாலபீனோ மிளகாய் கேட்டு வாங்கி கடிச்சுக்குவேன். மொத்தையான டெக்சஸ் டோஸ்ட் ரொட்டில சீஸ் வச்ச கிரில்ட் சீஸ், காரமில்லாம சாப்பிடற குழந்தைங்களுக்கு நல்லது. சுத்த சைவம் பாக்கறவங்க ஒண்ணு கவனிக்கணும், இந்த நாட்டுல உருளைக்கிழங்குதானேன்னு எதையும் கண்ண மூடிக்கிட்டு வாங்கக்கூடாது. மெக்டொனால்ட்ஸ் ஃப்ரைஸ்ல மாட்டிறைச்சி ருசிச்சாறு சேக்கறது வெளில வந்து, நம்ம இந்துக்களும் மத்த சைவம் சாப்பிடறவங்களும் கேஸ் போட்டு, 2002-ல ஒரு கோடி டாலர் குடுத்து சமாதானமா முடிச்சாங்க, மன்னிப்பும் கேட்டாங்க. அதனால எந்தக் கடைக்குப் போனாலும், சோனிக் உட்பட, அசைவம் பொரிக்கற எண்ணெய்லயே இதையும் பொரிக்கறீங்களான்னு ஸ்பீக்கர்லயே கேட்டுடுங்க, கூச்சப்பட ஒண்ணுமில்ல, வரிசைல பின்னாடி யாரும் காத்திருக்கல. எங்க அம்மாவுக்கு பொரிச்சது எதுவும் வாங்காம ஐஸ்கிரீமும் லைம் சோடாவும் மட்டும்தான்.

போறதுன்னா மத்தியானம் 2 மணிலேர்ந்து 4 மணிக்குள்ள போங்க, நாங்க போற கடைல அந்த நேரம் ட்ரிங்க்ஸும் ஸ்லஷ்ங்கற ஐஸ் தூள் பானமும் பாதி விலை, ஸ்கூல் விட்டு பசங்கள கூட்டிட்டு வர்ற நேரத்துக்கு சரியா இருக்கும். ஆப்புல ஆர்டர் பண்ணிட்டுப் போனா ஸ்டால் நம்பர போட்டா போதும், ஆனா அம்மா அப்பாவ கூட்டிட்டுப் போறீங்கன்னா பட்டன அவங்கள விட்டே அழுத்தச் சொல்லுங்க, பட்டன் இடது பக்க ஜன்னல் பக்கம் இருக்கறதால பின்சீட்ல டிரைவருக்குப் பின்னாடி உக்கார வச்சா எட்டும். ஜூலை, ஆகஸ்ட்ல மதியம் கூரைக்குக் கீழயே அனல் அடிக்கும், இன்ஜின ஓட விட்டுத்தான் உக்காரணும், அந்த ரெண்டு மாசம் இருட்டினப்புறம் போறது உத்தமம். அக்டோபர், நவம்பர் சாயங்காலம் கண்ணாடிய முழுசா இறக்கிட்டு உக்காந்தா எழுந்து வரவே மனசு வராது. புதுசா கட்டற கடைங்க நிறைய இடத்துல டிரைவ்-த்ரூ ஜன்னலும் சேத்து வச்சிருக்காங்க, அந்த வரிசைல போய் நின்னுட்டு சோனிக் பாத்துட்டேன்னு சொல்லாதீங்க, ஸ்டாலுக்குத் திருப்புங்க.

கொண்டு வந்து குடுக்கற பசங்களுக்கு ரெண்டு டாலராவது டிப்ஸ் வைங்க, நோட்டா கைல குடுங்க. நூறு டிகிரி வெயில்லயும் ஜனவரி வாடைலயும் அந்தப் பசங்கதான் நமக்காக வெளில நடக்கறாங்க. பையில அடில சில சமயம் பெப்பர்மின்ட் மிட்டாய் போட்டிருப்பாங்க, தேடிப் பாத்துட்டு அப்புறமா பைய குப்பைல போடுங்க.